வாசல் குளத்து இறால்கள்

இன்னொருத்தியின் வெற்றியைப் பொறுக்க முடியாமல் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் கண்ணில் ஒரு பிழை படுகிறது. பிழை உண்மையானதுதான். அதைக் கண்ட கண்தான் நல்ல கண் அல்ல. அப்படியானால் அதை எடுத்துச் சொல்லும் தகுதி அவளுக்கு உண்டா?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நான் சில நாட்கள் குண்டசாலை பஸ்ஸில் போய் வந்தேன். பிறர் பற்றிய கேள்வியைப் போல அதை எழுதியிருக்கிறேன். அந்த ஒருத்தி நான்தான்.

நான் வேலை செய்யும் இடம், பல்லேகலைக்குப் போகும் வீதியிலிருந்து மகாவலிப் பக்கமாக இறங்கும் சரிவில் உள்ள ஒரு நன்னீர் இறால் இனவிருத்தி நிலையம். இறாலுக்கு இனவிருத்தி என்றால் பலரும் சிரிப்பார்கள். மாட்டுக்கும் நெல்லுக்கும் செய்வதைத்தான் இதற்கும் செய்கிறோம். ஓர் ஆற்றிலிருந்து கொண்டுவந்த தாய் இறால்களின் பிள்ளைகளையும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளையும் மற்ற இறால்களோடு கலக்காமல் ஒரு வரிசையாக வளர்க்கிறோம். ஒவ்வொரு தலைமுறையிலும் நன்றாக வளர்ந்தவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகத் தெரிவு செய்கிறோம். அவை ஈனும் குஞ்சுகள் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. அங்கே வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு எங்கள் தெரிவு சரியா பிழையா என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். ஒரு முறை குஞ்சு விடப் போயிருந்தபோது, கரையில் குழந்தையோடு நின்ற பெண்ணொருவர், "இது எப்போது பெரிதாகும்?" என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அவர் அதை முழுமையாக நம்பினார். அந்த நம்பிக்கை எனக்கு இன்றும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நிலையத்தில் அப்போது இரண்டு வரிசைகள் இருந்தன. கிழக்குப் பக்கத்து ஆற்றிலிருந்து வந்த வரிசை அவளுடைய பொறுப்பு. தெற்குப் பக்கத்து ஆற்றிலிருந்து வந்தது என்னுடையது. அவள் என்று நான் சொல்வது, பேராதனையில் என்னோடு ஒரே ஆண்டில் படித்து, ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணை. நான் பன்விலத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். படிக்கும் காலத்தில் எங்களுக்குள் பகையும் இருந்ததில்லை, பெரிய நெருக்கமும் இருந்ததில்லை. குளங்களைப் பிரித்துக் கொடுத்த அன்று சீட்டுக் குலுக்கினார்கள். வாசலுக்கு அருகிலிருந்த குளம் அவளுக்கு விழுந்தது. களஞ்சிய அறையைத் தாண்டி, சேற்றில் நடந்து போக வேண்டிய பின்குளம் எனக்கு விழுந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே தண்ணீர், ஒரே தீனி. ஆகவே இதில் குறைப்பட எதுவும் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

குறைப்பட இருந்தது என்பது போகப் போகத் தெரிந்தது. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தால் வாசல் குளத்தோடு நின்றுவிடுவார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வந்தாலும் அப்படித்தான். அவள் வீச்சு வலையை விசிறினால் அது வட்டமாக விரிந்து விழும். வலைக்குள் நீண்ட நீல நிறக் கொடுக்குகளோடு பெரிய ஆண் இறால் ஒன்று துள்ளும். வந்தவர்கள் கைபேசியைத் தூக்குவார்கள். எனக்குச் சிங்களம் தோட்டத்துக் கடையிலிருந்தே பழகிய மொழி; பிழையில்லாமல் பேசுவேன். அவளுடைய சிங்களம் ஒவ்வொரு வாக்கியத்திலும் இடறும். அவள் இடறும்போது எல்லோரும் சிரித்துத் திருத்துவார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு அன்பு இருக்கும். சரியாகப் பேசுகிறவளைத் திருத்த வேண்டியதில்லை. ஆகவே என்னிடம் யாரும் அதிகம் பேசவும் இல்லை.

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது நிலையத் தலைவரின் வழக்கம். அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். உபசரிப்பில் குறை வைப்பது அவருக்குப் பெரிய வெட்கம். புறப்படும் நேரத்தில் பொலித்தீன் பையில் நாலைந்து பெரிய இறால்களைக் கட்டிக் கொடுக்கச் சொல்வார். பளபளக்கும் சப்பாத்தோடு பின்குளம் வரை யார் நடப்பது? பை எப்போதும் வாசல் குளத்திலிருந்தே நிரம்பியது. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன் என்பதை இப்போது நினைக்க வேடிக்கையாக இருக்கிறது. தன் குளத்து இறாலை யாரும் சமைத்துத் தின்னவில்லையே என்று ஏங்கிய ஒரே பட்டதாரி இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

மாதாந்தம் வலை வீசி நிறுத்துப் பார்த்தபோது அவளுடைய வரிசை முன்னே போய்க்கொண்டிருந்தது. அவளுடைய குளத்தில் அநேகமான ஆண்கள் நடுத்தரத்துக்கு மேல் இருந்தன. என்னுடையதில் சில ராட்சதர்களும், அவற்றைச் சுற்றி வளராத ஒரு கூட்டமும் இருந்தன. தீனியின் ஈரப்பதத்தைச் சோதித்தேன், தண்ணீரைச் சோதித்தேன், என்னையே சந்தேகித்தேன். இறால் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் உப்புத் தண்ணீர் வேண்டும். கடற்கரையிலிருந்து கலகெதர வழியாகக் கடல்நீரை பவுசர் லொறியில் ஏற்றிவரும் முஸ்லிம் சாரதியை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம்; அக்குறணைக்காரர், வாய் ஓயாதவர். ஒரு நாள் நான் என் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள், ஒங்கட எறாலெல்லாம் நோன்பு புடிக்கிதா?"

"ஏன் நானா அப்டிக் கேக்குறீங்க?"

"இல்ல, அந்தப் புள்ளட குளத்துல பெருநாள் நடக்குதே! இங்க மட்டும் இன்னும் பிறை தெரியல்லயா?"

சிரித்தேன். அவர் போன பிறகு வலையில் சிக்கியிருந்த சிறிய இறால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டேன். அவற்றின் மீது எனக்குக் கோபமாக இருந்தது.

அதன் பிறகுதான் தலைவர் எங்கள் இருவரையும் கந்தோருக்கு அழைத்தார். இரண்டு வரிசைகளை வைத்துக்கொள்ள இனி இடம் இல்லை, குஞ்சு கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், மாத முடிவில் இரண்டு குளங்களையும் வடிப்போம், நன்றாக வளர்ந்த வரிசையை மட்டும் வைத்துக்கொள்வோம், மற்றதைச் சாப்பாட்டுக்கு விற்றுவிடுவோம் என்றார். வெல்லும் வரிசைக்கு உரியவர் நிலையத்தின் இனவிருத்தி வேலை முழுவதற்கும் பொறுப்பாளர் ஆவார். அவர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். அதிலிருந்தே அவருக்கு முடிவு தெரிந்திருந்தது என்பது எனக்குப் புரிந்தது. பதவி போவதை நான் தாங்கியிருப்பேன். ஆனால் ஒரு வரிசையை விற்றுவிட்டால் அது முடிந்துபோன காரியம். மூன்று தலைமுறையாகப் பிரித்துக் காத்து வந்ததை ஒரு மத்தியானத்தில் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு வேண்டும் என்றால் மறுபடி ஆற்றுக்குப் போய் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதிகாரி, அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள். நான் தீனி வாளியோடு வாசல் குளத்தின் ஓரத்தில் நின்றேன். அங்கே எனக்கு வேலை இல்லை. அவளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பார்க்கவே நின்றேன். அவள் வலை வீசிப் பெரியவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டாள். இதைவிடப் பெரிது இல்லையா என்று மனைவி கேட்டார். அவள் தன் இடறும் சிங்களத்தில், பெரியவற்றைப் போன கிழமை வந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள், ஆனால் கவலை வேண்டாம், ஒன்றை எடுத்தால் இன்னொன்று அந்த இடத்துக்குச் சீக்கிரம் பெருத்துவிடும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தேன்.

இது எங்கள் இருவருக்கும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட்ட விடயம். ஒரு குளத்து ஆண் இறால்கள் ஒரே மாதிரி வளர்வதில்லை. சில மட்டும் நீலக் கொடுக்குக்கு மாறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; மாறிய பிறகு தாமும் அதிகம் வளரா, சுற்றியிருப்பவற்றையும் வளர விடா. செம்மஞ்சள் கொடுக்கோடு இருப்பவை காத்திருக்கும். ஒரு நீலக் கொடுக்கை எடுத்துவிட்டால், காத்திருந்த ஒன்று திடீரென வளர்ந்து, எடுத்ததைவிடப் பெரிதாகும். வாசல் குளத்தில் நாங்கள் மாதக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். பையில் போனது ஒவ்வொரு முறையும் இனி வளராத ஆண். குளத்தில் மிஞ்சியது வளர இடம் கிடைத்த கூட்டம். என் குளத்திலிருந்து யாரும் ஒன்றையும் எடுக்காததால் என் ராட்சதர்கள் இருந்த இடத்திலேயே இருந்து மற்றவற்றை அமுக்கிக்கொண்டிருந்தன. ஆக, நாங்கள் ஒப்பிட்டது இரண்டு வரிசைகளை அல்ல. விருந்தாளிகள் வந்த குளத்தையும் வராத குளத்தையும்.

இதைத் தெரிந்தும் ஏன் இருவருக்கும் உறைக்கவில்லை? அறுவடை செய்திருந்தால் உறைத்திருக்கும். இது அன்பளிப்பு. அன்பளிப்பை நாங்கள் யாரும் அறுவடையாக நினைக்கவில்லை. குளத்தில் எண்ணிக்கை குறைந்தால் கொக்கு தின்றுவிட்டது என்போம். அந்தக் கொக்குகள் காரில் வந்து போனதை ஒருவரும் சொல்வதில்லை.

சொல்லிவிடலாமா என்ற கேள்வி அன்று தொடங்கியது. சொன்னால் நான் தோற்கப்போவதால் காரணம் தேடுகிறேன் என்பார்கள். அதை மறுக்கவும் முடியாது. நான் அந்தக் குளத்தோரம் நின்றதே பொறாமையால்தான். சொல்லாமல் விட்டால் பெருந்தன்மையானவளாகத் தோன்றலாம். அந்தத் தோற்றத்தின் மீதும் எனக்கு ஆசை இருந்தது என்பதால் அதையும் நம்ப முடியவில்லை. கடைசியில் என்னையும் அவளையும் தள்ளிவைத்துவிட்டு, குஞ்சுகள் எங்கே போகின்றன என்று மட்டும் யோசித்தேன். தவறான வரிசை என்றால், நீர்த்தேக்கத்தில் வளராமல் நிற்கும் இறாலுக்கு யாரும் எங்களிடம் காரணம் கேட்க வரமாட்டார்கள். அவர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தைத்தான் நொந்துகொள்வார்கள்.

தலைவரிடம் போகவில்லை. முதலில் அவளிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க கொளத்துல ஆம்பள எறால் நல்லா வளர்றதுக்குக் காரணம் வரிசை இல்லன்னு நெனைக்கிறேன்," என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"உமக்கென்ன விசரோ? நானே அந்தப் பையைக் கட்டிக் குடுக்கச் சொல்லிக் கேட்டனான்? சேர் சொல்லுறார், நான் பிடிச்சுக் குடுக்கிறன்."

"ஒங்கமேல பிழைன்னு நான் சொல்லலையே."

"வேறை என்ன சொல்லுறீர்? இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை. மாசம் முடியேக்கை வந்து கதை சொல்லுறீர். பொறாமையிலை சொல்லுறீர் எண்டு எனக்கு விளங்காதோ?"

"ஆமா, பொறாமையிலதான் சொல்றேன். அதுக்காக இது பொய்யாகிடுமா?"

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. சொல்லும் வரை நானும் எதிர்பார்க்கவில்லை. பிறகு உதட்டைச் சுழித்தாள்.

"அப்ப உமக்கு நான்தான் நீலக் கொடுக்கு. என்னைத் தூக்கினால் நீர் பெருப்பீர். அப்பிடித்தானே?"

அவள் பார்சலை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று பின்னேரம் தனித்தனி பஸ்ஸில் போனோம்.

மறுநாள் காலை நான் வந்தபோது அவள் என் குளத்துக் கரையில் நின்றுகொண்டிருந்தாள். காற்சட்டை முழங்கால் வரை சேறு. வலை அவள் கையில். என்னைக் கேட்காமல் என் குளத்தில் வீசிப் பார்த்திருக்கிறாள்.

"உம்மட நீலக் கொடுக்குகளின்ரை முதுகைப் பாத்தீரே? பாசி பிடிச்சுக் கிடக்கு. எவ்வளவு காலமா ஓடு கழட்டாமல், வளராமல் கிடக்குதோ தெரியாது. என்னட்டை இப்பிடி ஒண்டும் இல்லை. எல்லாம் புதுசு." சற்று நிறுத்தி, "நீர் சொன்னது சரி போலதான் கிடக்கு. அதுக்காக உம்மட வரிசைதான் நல்லது எண்டும் ஆகாது," என்றாள்.

"ஆகாது. எனக்கும் தெரியும்."

"அப்ப ரெண்டையும் ஒண்டா விடுவம். ஒரே கிழமையிலை பொரிச்ச குஞ்சு, உம்மடையிலை பாதி, என்ரையிலை பாதி. ரெண்டு குளத்திலையும். நிறம் குத்தி விட்டால் எது ஆரின்ரை எண்டு தெரியும்தானே."

சரியான வழி அதுதான். பிழையைக் கண்டவள் நான். ஒரே இரவில் அதற்குத் தீர்வோடு வந்தவள் அவள். நன்றி சொல்ல வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு வந்தது, இதுவும் அவளுக்கே தோன்றியதே என்ற எரிச்சல்.

இருவரும் தலைவரிடம் போனோம். நான் நல்ல சிங்களத்தில் விளக்கினேன். அவள் இடையிடையே கெட்ட சிங்களத்தில் சேர்த்தாள். தலையாட்டல் எல்லாம் அவள் பக்கமே போனது. வடிப்பை வைத்து முடிவெடுப்பதைத் தள்ளிவைக்க அவர் உடனே, சரி என்பதற்கான சிங்களச் சொல்லில், "ஹரி, ஹரி" என்று ஒப்புக்கொண்டார். அன்பளிப்பை நிறுத்தச் சொன்னபோதுதான் முகம் வாடியது. வீடு தேடி வந்தவரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது என்று எங்களையே கேட்டார். தேயிலைப் பக்கெட் கொடுக்கலாம் என்றேன். கொழும்பில் வாங்க முடியாத தேயிலையா என்று சலித்துக்கொண்டாலும், கடைசியில் அதற்கும் சம்மதித்தார்.

புதுக் குஞ்சுகளுக்காக நானா கடல்நீர் கொண்டுவந்தார். பழைய இறால்களை வரிசை வாரியாகத் தொட்டிகளுக்கு மாற்றி இரண்டு குளங்களையும் காலியாக்கினோம். குஞ்சுகள் கைக்கு அடங்கும் அளவுக்கு வளர்ந்தபோது, வாலின் கண்ணாடி போன்ற தசைக்குள் ஊசியால் நிறப் பொட்டு ஏற்றினோம். அவளுடையதற்குச் செம்மஞ்சள், என்னுடையதற்குப் பச்சை. ஈரத் துணியில் இறாலைப் பிடித்துக்கொள்வது ஒருத்தி, குத்துவது மற்றவள். அவள் கை என் கையைவிட வேகமானது. என் பச்சைப் பொட்டுகளிலும் பாதிக்கு மேல் அவள் குத்தியவைதான். அவற்றில் ஒன்றுகூடச் சரியாக விழாமல் போகவில்லை. நான் தேடித்தான் பார்த்தேன்.

மாதங்கள் போயின. மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடியது. பல்லேகலை கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் கூச்சல் குளம் வரை கேட்டது. இரண்டு குளங்களிலும் இரண்டு நிறங்களும் கலந்து வளர்ந்தன. எந்த நீலக் கொடுக்கும் வெளியே போகவில்லை. தீனி போடும்போது நான் என்னை அறியாமல் பச்சையைத் தேடினேன். கலங்கிய தண்ணீரில் எந்தப் பொட்டும் தெரியாது என்பது எனக்குத் தெரியும், இருந்தும் தேடினேன்.

வடிப்பு நாளில் தலைவரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். நானாவும் வந்து கரையில் நின்றார். தண்ணீர் வற்ற வற்ற இறால்கள் நடுக்குழியில் கூடின. கூடை கூடையாக எடுத்துக் கழுவி, வாலைத் திருப்பி நிறம் பார்த்து, நிறுத்தோம். முதல் குளம் முடிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவதும் அதையே சொன்னது.

செம்மஞ்சள்தான் பெரிது.

முன்பு தெரிந்த பெரிய வித்தியாசம் இல்லை. அது பையால் வந்த வித்தியாசம்தான் என்பது உறுதியானது. ஆனால் கொஞ்சம் பெரிது, இரண்டு குளத்திலும் பெரிது, பெண் இறால்களிலும் பெரிது. அவளுடைய வரிசை நேர்மையாகவே நல்ல வரிசை. நான் கண்ட பிழை உண்மையாக இருந்தது. அதை வைத்து நான் மனதுக்குள் கட்டிய நம்பிக்கைதான் உண்மையாக இருக்கவில்லை.

"நானா," என்று அவள் கரையைப் பார்த்துக் கத்தினாள், "ஆரின்ரை பெருநாள் எண்டு இப்ப சொல்லுங்கோ பாப்பம்!"

"ரெண்டு பேரும் சேத்தில உருண்டு போய் ஈக்கிறீங்க. இதுல யாருக்கு மகள் பெருநாள்?" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். நான் குனிந்து கூடையைக் கழுவினேன். அவள் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "நீர் அண்டைக்குச் சொல்லாட்டி நான் இண்டைக்கு உண்மையா வெண்டிருக்க மாட்டன். ஆரோ வாங்கித் தந்த வெற்றி மாதிரித்தான் இருந்திருக்கும்," என்றாள். நல்ல மனதோடு சொன்னாள். அவள் வென்றதைவிட, வென்றபின் அப்படிச் சொல்ல அவளால் முடிந்ததுதான் என்னை அன்று அதிகமாகச் சுட்டது.

என் வரிசையை விற்கவில்லை. வித்தியாசம் இவ்வளவு சிறிது என்றால் ஒன்றை மட்டும் வைத்து எல்லா நீர்த்தேக்கங்களையும் நிரப்புவது ஆபத்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கினால் நாலைந்து தலைமுறையில் வளர்ச்சி விழுந்துவிடும் என்று தலைவரிடம் வாதாடியவள் அவள்தான். நானும் சொன்னேன், கேட்டது அவள் சொல்லை. பெற்றோர் இறால்களில் பெரும் பங்கை அவளுடைய வரிசையிலிருந்தும், ஒரு பங்கை என்னுடையதிலிருந்தும் எடுத்தார்கள். இரண்டையும் குறுக்கே சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு தொட்டியும் ஒதுக்கினார்கள்.

இப்போது எங்கள் நிலையத்தில் எந்த வரிசைக்கும் தனிக் குளம் இல்லை. எல்லாம் நிறப் பொட்டோடு ஒன்றாகவே வளர்கின்றன. அவள் பொறுப்பாளர், நான் அவளுக்குக் கீழே வேலை செய்கிறேன். பொறாமை குறைந்திருக்கிறது, போகவில்லை. அது வரும்போது அவளிடமே சொல்லிவிடுகிறேன்.